12 வோல்ட் பேட்டரியில் 5 வோல்ட், 3 ஆம்பியர் கருவியை ஓட்டுவது எப்படி?

பக் கன்வெர்ட்டர் வேண்டும்: டிசி வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு பலகை. 5 வோல்ட் மட்டும் தரும் 7805 ஐசி (சிறு சிப்) இங்கே சரிப்படாது. மிச்சமுள்ள 7 வோல்ட்டை அது சூடாகவே கழிக்கும். 3 ஆம்பியரில் 21 வாட், கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்ன். ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே பிரேக்கும் பிடிப்பது போல. பக் கன்வெர்ட்டரோ மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, கம்பிச் சுருள் (காயில்) வழியாகச் சீராக்கி விடுகிறது. 90 சதவீதத் திறன் இருந்தால் பேட்டரியிலிருந்து சுமார் 1.4 ஆம்பியர்தான் இழுக்கும்.

5 ஆம்பியர் பலகையாக எடுங்கள். கருவியை மாட்டும் முன்பே வெளியீட்டில் மல்டிமீட்டர் வைத்து, பலகையிலுள்ள ஸ்க்ரூவைத் திருகி 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி 3 ஆம்பியர் ஃபியூஸ். வெளியீட்டு வயர் மெலிந்தால் லோடு ஏறும்போது வோல்ட் சரிந்து கருவி ரீஸ்டார்ட் ஆகும்; பலர் பலகையைத்தான் திட்டுவார்கள்.

5 ஆம்பியர் பலகை 3 ஆம்பியர் கருவியை எரித்துவிடாது: எவ்வளவு இழுப்பது என்பது கருவியின் கையில், எரிப்பது தப்பான வோல்ட்.