வால்பாக்கியாவை முத்தத்து அண்டா தண்ணில ஊத்தலாமா?

ஊத்த முடியாதுண்ணே. வால்பாக்கியாங்கறது டெங்குவைக் குறைக்கக் கொசுக்குள்ள ஏத்துற ஒரு பாக்டீரியா. காரைக்குடில எந்தக் கடைல கிடைக்கும்னு கேட்டிருக்கீங்க, எங்கயுமே கிடைக்காது, ஏன்னா அது பூச்சி மாதிரி உயிரினங்களோட செல்லுக்குள்ள மட்டும்தான் வாழும், தாய்க்கொசு முட்டை வழியா அடுத்த தலைமுறைக்குப் போகும், தண்ணில ஊத்தினா வீண்.

நீங்க கேள்விப்பட்டது பிடிஐயா இருக்கும்னு நினைக்கறேன். அதுவும் பாக்டீரியாதான், ஆனா கொசுப்புழு அதைத் தின்னா குடல் கெட்டு சாகும், தேங்கின தண்ணில போடுறது அதைத்தான்.

வால்பாக்கியா வேற. டெங்கு பரப்புற ஏடிஸ் எஜிப்டி கொசுல அது இயற்கையா கிடையாது, லேப்ல ஏத்தி விட்டா வைரஸ் அந்தக் கொசு உடம்புல சரியா பெருக முடியாது. இந்தோனேசியால யோக்யகர்த்தால அப்படி விட்டுப் பாத்ததுல டெங்கு 77 சதவீதம் குறைஞ்சுது, எனக்கு இதுல ரொம்ப நம்பிக்கை. புதுச்சேரில கொசு ஆராய்ச்சி பண்ற விசிஆர்சி மையத்துலயும் இந்தக் கொசுவ உருவாக்கியிருக்காங்க. ஆனா ஊர் முழுக்க பல வாரம் விடணும், ஒரு வீட்டுக்குனு செய்ய முடியாது, அதோட அந்தக் கொசுவும் கடிக்கத்தான் செய்யும்.

பேரனுக்கு டெங்கு வந்துருச்சுனு எழுதியிருக்கீங்க, அதனால இன்னிக்கே இதைப் பாருங்க. அண்டா தண்ணிய வெள்ளைக் கிண்ணத்துல மோந்து வெளிச்சத்துல வச்சா புழு நெளியறது தெரியும். இருந்தா கொட்டிட்டு உள்பக்கம் நார் போட்டு நல்லா தேயுங்க, முட்டை காஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட ஒட்டியிருக்கும். பக்கத்துல பூட்டிக் கெடக்கற வீடு இருந்தா சாவி வச்சிருக்கவங்ககிட்ட சொல்லி முத்தத்தையும் பாக்கச் சொல்லுங்க.