முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி ஒன்றே பால் ஆட்டுக்குப் போதுமா?

கேள்வி: மூலனூருக்கு அருகே மானாவாரி நிலத்தில் ஆறு பால் ஆடுகள் வைத்திருக்கிறேன். முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி நட்டால் வேறு தீவனமே வேண்டியதில்லை என்றும், விளையும் மடல்களைத் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் ஒரு முகவர் சொல்கிறார். கள்ளி தின்றால் ஆடு கழிகிறது என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கள்ளியைத் தாராளமாக நடுங்கள், முகவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒரு மடலை நட்டால் அதிலிருந்தே அடுத்த தோட்டத்துக்கு மடல் கிடைக்கும் என்பதால், இன்று விற்கிறவர் நாளை உங்களிடம் திரும்ப வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. 2012இல் மோசடி அம்பலமான பெருந்துறை வட்டார ஈமு கோழித் திட்டங்களில் முன்பணம் கட்டியவர்களிடமும் இதே 'திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்ற வாக்குறுதியைத்தான் கொடுத்தார்கள். மடல் வேண்டுமானால் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். ஏற்கெனவே நட்டிருக்கும் விவசாயியிடம் நான்கைந்து வாங்கினாலும் போதும்.

மடலின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 10 கிலோ தின்றாலும் உலர்பொருளாக, அதாவது நீர் போக மிஞ்சும் தீவனமாக, சேர்வது சுமார் 1 கிலோதான், அதில் புரதம் 50 கிராம் அளவே இருக்கும். 40 கிலோ எடையுள்ள கறவை ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உலர்பொருள் தேவை. கழிச்சலுக்குக் காரணம் நஞ்சு அன்று. நார் குறைந்து நீரும் உப்புகளும் மிகுந்திருப்பதே. கோடையில் அந்த நீரே கள்ளியின் பெரிய நன்மை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே ஓர் ஆட்டுக்கு அரைக் கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 3 கிலோ வரை உயர்த்தி, நறுக்கிய மடலை முக்கால் கிலோ காய்ந்த சோளத்தட்டோடு கலந்து கொடுங்கள். புரதத்துக்கு அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால் ஆகியவற்றில் கிடைக்கும் தழை ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். பால் ஒரு லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

சோளத்தட்டு என்று நான் சொல்வது முற்றிக் கதிர் எடுத்துக் காய்ந்த தட்டை மட்டுமே. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தையும், அறுத்த தூரில் மறுபடி துளிர்க்கும் மறுதாம்புச் சோளத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் ஆட்டுக்குக் காட்டாதீர்கள். அவற்றில் சயனைடு நச்சு மிகுந்திருக்கும். மேய்ந்த ஆடு சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி விழுந்துவிடும். முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகத் தெரிகிறதே என்று வறட்சியில் அவிழ்த்துவிடுவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. பட்டினி கிடந்த ஆடு ஆவலாய்த் தின்னும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

புல்லும் மரமும் வேலியுமாக நிற்கும் நம் மானாவாரி மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை அழித்துக் கள்ளி வைக்காதீர்கள். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல் நிழலும் கிளுவை வேலியும் உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்தவை. மானாவாரிக்காரருக்குத் தீவனத் திட்டம் என்றாலே தண்ணீர் கேட்கும் கம்பு நேப்பியர் தீவனப்புல்லின் கரணையை நீட்டும் வழக்கம் எப்போது மாறுமோ தெரியவில்லை. கொறங்காட்டைக் காக்கவும் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

வரப்போரமும் நீர் தேங்காத மேட்டுப் பகுதியுமே கள்ளிக்குப் போதும். வெட்டிய மடலை நிழலில் இரண்டு மூன்று வாரம் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நிமிர்த்தி நடுங்கள். பச்சை வெட்டோடு நட்டால் அழுகிவிடும். முதல் ஆண்டில் ஆடு எட்டாதபடி வேலி கட்டி, இரண்டாம் ஆண்டிலிருந்து அடிமடலைத் தொடாமல் மேல்மடலை மட்டும் வெட்டுங்கள்.