நாள்பட்ட வலியும் அதன்பின் ஒரு வேலையும்: கேள்வி பதில்

வட சென்னை தண்டையார்பேட்டையில் இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறேன். அதற்கு முன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து, இடுப்பு வலியால் வேலையை விட்டவள். மூன்று மாதங்களைத் தாண்டியும் விடாத வலி, அதிலிருந்து மீண்டபின் இந்தத் துறைக்கு வருவது ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: வயது 41. மூட்டை தூக்கும் வேலை. ஓராண்டாக இடுப்பு வலி. எம்ஆர்ஐ படத்தில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இனி குனியவே கூடாதா?

குனியலாம் ஐயா. அந்தக் காகிதம் உங்களை வலியை விட அதிகமாக முடக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த படங்களைத் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. 20 வயதினரில் 30 சதவீதம், 40 வயதினரில் 50 சதவீதம், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. உங்கள் வயதில் இரண்டில் ஒருவருக்கு இருப்பது வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம், தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்.

வலி நீடிக்கும்போது நரம்பு மண்டலம் கூர்மையாகிவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாத அசைவையும் ஆபத்து என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அதனால் வலிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கிழிகிறது என்று பயப்பட வேண்டாம். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுநாள் முழுவதும் படுத்துவிடுவதுதான் நம் ஆட்களின் வழக்கம். அதை விடுங்கள். பத்து நிமிடம் நடந்தால் தாங்குகிறது என்றால், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே பத்து நிமிடம் நடங்கள். அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். வெறும் கையோடு குனிந்து நிமிர்ந்து பழகி, பிறகு சிறிய எடை, பிறகு மூட்டை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கால் பலம் குறைவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது அடக்க முடியாமல் போவது, தொடைகளின் நடுவே மரத்துப்போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, இரவானாலும், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாலைக் காய்ச்சலோடு உடல் எடையும் குறைந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும்.

எண்ணூர் வாசகர்: மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரை நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா?

கூடாது. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மருத்துவர் பார்க்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

காசிமேடு வாசகி: அம்மாவுக்கு மூட்டு வலி. மாடியிலிருந்து இறங்க முடியவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வியாசர்பாடி வாசகர்: தோள் வலியிலிருந்து மீண்டுவிட்டேன் அக்கா. உங்களைப் போல மற்றவர்களுக்கு உதவ ஆசை. மூன்று வார இறுதிகளில் இணையவழியில் ‘வலி பயிற்றுநர்’ சான்றிதழ் தருகிறார்களாம். சேர்ந்துவிட்டுக் கட்டணம் வாங்கிச் சிகிச்சை தரலாமா?

தம்பி, ஆசையைப் பாராட்டுகிறேன். அந்தச் சான்றிதழை நம்பிப் பிறர் முதுகில் கை வைக்காதீர்கள். நான் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருந்ததால் பி.பி.டி. என்ற இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பில் சேர முடிந்தது. நான்கு ஆண்டுகள், அதன்பின் ஆறு மாதப் பயிற்சி. அப்பா நகையை அடகு வைத்தார். 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் இயன்முறை மருத்துவமும் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்.

பெரம்பூர் வாசகர் குறுக்கிட்டு: பட்டம் பெற்றவர் என் அப்பாவின் தோளில் கருவியை மாட்டிவிட்டுத் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். அவரைவிட வலிபட்டவரே மேல். ஏன் தடுக்கிறீர்கள்?

உங்கள் கோபம் நியாயமானது. கருவியை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவது சிகிச்சை ஆகாது. அந்த ஆறுதல் நீண்ட நேரம் நிற்காது. வலிபட்டவருக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் லாரி வந்தால் எத்தனை குடம் தூக்குகிறீர்கள், எத்தனை படி ஏறுகிறீர்கள் என்று நான் முதலில் கேட்பேன். அந்த வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்பதால் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

ஆனால் பல மாதம் ஒருவரிடம் முதுகை நீவிக்கொண்ட பின் என்னிடம் வந்த ஒருவருக்கு இருந்தது முதுகெலும்புக் காசநோய். நீவியவர் நல்ல மனிதர்தான், தாமும் வலிபட்டவர். காய்ச்சல் உண்டா என்று கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஆண்டுக்கணக்கில் படிக்கிறோம்.

பெரம்பூர் வாசகர் மீண்டும்: அப்படியானால் படிக்க வசதியில்லாதவர் உதவவே கூடாதா?

யார் சொன்னது? வலியோடு இருப்பவரை யாரும் நம்புவதில்லை. வேலைக்குப் போகாமல் நடிக்கிறார் என்று வீட்டிலேயே பேசுவார்கள். எனக்கும் அதுதான் வலியைவிட வலித்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்குப் பட்டம் வேண்டாம். எலும்பைத் தட்டுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்குவது, இந்த மூன்றும்தான் கூடாது.

மணலி, திருவொற்றியூர், பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மூவர்: டிஸ்க் பிதுக்கம் என்று வந்திருக்கிறது...

கொருக்குப்பேட்டை ஐயாவுக்கு எழுதியதை முழுவதும் படியுங்கள். படம் மட்டும் பார்த்து நான் எதுவும் சொல்லமாட்டேன்.

மூலக்கடை வாசகி: இடுப்பு பெல்ட் எப்போதும் கட்டலாமா?

கடினமான வேலை நேரத்தில் மட்டும். நாள் முழுவதும் வேண்டாம். பெல்ட்டோடு வலி மாத்திரையும் போடுகிறீர்கள் என்றால் எண்ணூர் வாசகருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

ராயபுரம் வாசகர்: எனக்குச் சர்க்கரை உண்டு. பாதம் எரிகிறது.

முதலில் சர்க்கரை நோய் மருத்துவரைப் பாருங்கள். வெறுங்காலில் நடக்காதீர்கள்.

கொடுங்கையூர் வாசகி: உங்களுக்கு வலி முழுவதும் போய்விட்டதா?

இல்லை. நீண்ட பஸ் பயணத்துக்குப் பின் வரும். அது வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருப்பதால் பயம் போய்விட்டது. நோயாளிகளிடமும் இதையே சொல்கிறேன்.

வியாசர்பாடி வாசகர்: சரி அக்கா, நாளை நான் என்ன செய்யட்டும்?

பிளஸ் டூவில் உயிரியல் படித்திருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வெளியிடும் சேர்க்கை அறிவிப்பைப் பாருங்கள். இப்போதைய விதிகள் அதில் இருக்கும். இல்லையென்றால், உங்கள் தெருவில் வலியால் வெளியே வராதவர் இருவரையாவது மாநகராட்சிப் பூங்காவுக்குக் காலையில் அழைத்துப் போங்கள். புறநோயாளிப் பிரிவுக்குத் துணையாகப் போய், மருத்துவர் சொன்னதை எழுதிவையுங்கள். அவர்கள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பட்டியல் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் இதைச் செய்த பின்னும் இந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள். படிப்புக் கடன் விண்ணப்பத்தை நாம் இருவரும் உட்கார்ந்து நிரப்பலாம்.