ஒரு லெவல் எப்போது முடிகிறது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வீடியோ கேம்களையும் கலைப்படைப்புகளாகக் கருதி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில், டிவியோடு இணைத்து விளையாடும் மலிவான கருவி ஒன்று இருந்தது. அதன் கேசட்டில் இருந்த மரியோவை என் அண்ணனும் நானும் மாறிமாறி விளையாடுவோம். அண்ணன் இரண்டாவது லெவலிலேயே கூரைமேல் ஏறி நேராக நான்காவது உலகத்துக்குப் போய்விடுவார். நானும் அப்படியே பழகினேன்.

இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்' விளையாடுகிறாள். லெவல் முடியும் இடமான கொடிக்கம்பத்தை எட்டிய பிறகும் அதே லெவலுக்குள் மறுபடி நுழைகிறாள். ஒரு மாலை முழுவதும் அந்த ஓர் இடத்திலேயே கழிகிறது. கேட்டால், "இன்னும் முடியலைம்மா" என்கிறாள். கண்ணைப் பறிக்கும் நிறங்களும், இடமிருந்து வலமாக ஓடுவதும், குழியில் விழுவதும் தவிர எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. இதில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது? ஒளிந்திருப்பவற்றை யூடியூபில் பார்த்துவிட்டு அடுத்த லெவலுக்குப் போகும்படி அவளிடம் சொல்வதில் தவறுண்டா?

எஸ்.,
திருச்சிராப்பள்ளி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் சொல்வதே சரி என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணத்தை நீங்கள் ஏற்கெனவே விளையாடிய பழைய மரியோவிலிருந்தே விளக்க முடியும்.

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. கியோட்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட நின்டெண்டோ நிறுவனம் தன்னுடைய ஃபாமிகாம் கருவிக்காக அதை உருவாக்கியது. உங்கள் வீட்டில் இருந்தது அநேகமாக அந்தக் கருவியின் நகல்களில் ஒன்றாக இருக்கும். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த அந்த விளையாட்டில் 8 உலகங்கள், உலகத்துக்கு 4 லெவல்கள் என மொத்தம் 32 லெவல்கள் உண்டு. படங்கள், கோஜி கோண்டோவின் இசை உட்பட அனைத்தும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியவை. இவ்வளவு சிறிய இடத்தில் விளையாட்டு முறையைச் சொற்களால் விளக்குவதற்கு அவர்கள் எதையும் ஒதுக்கவில்லை. விளக்கம் முழுவதையும் முதல் லெவலின் தரையும் குழாய்களும் செங்கற்களுமே ஏற்றுக்கொள்கின்றன.

அந்த லெவலின் தொடக்கத்தில் மரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் வெட்டவெளியாக இருக்கிறது. எனவே யாரும் சொல்லாமலே நாம் வலப்பக்கம் நடக்கத் தொடங்குகிறோம். சில அடிகள் நடந்ததும் மின்னும் கேள்விக்குறிப் பெட்டி ஒன்று தலைக்கு மேலே தெரிய, எதிரிலிருந்து காளான் உருவம் கொண்ட கூம்பா நம்மை நோக்கி வருகிறது. அதைத் தொட்டால் உயிர் போகும். ஆனால் தொடக்கத்திலிருந்து அதுவரை வந்த தூரம் மிகக் குறைவு என்பதால் இழப்பு பெரிதாகத் தோன்றுவதில்லை. அடுத்த முறை தாவுகிறோம். அந்தத் தாவலில் தலை பெட்டியில் முட்டினால் காசு ஒலியோடு எழும்புகிறது, கால் கூம்பாவின் மேல் விழுந்தால் அது நசுங்கிப் போகிறது. இரண்டில் எது நிகழ்ந்தாலும் ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டோம். இந்தக் கூம்பாவை வடிவமைப்புப் பணியின் இறுதியில்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்பே ஆமை இருந்தது. ஆனால் ஆமையை மிதித்தால் ஓடு எஞ்சும், அந்த ஓட்டை மறுபடி உதைக்க வேண்டும் என்னும் இரண்டு படிகள் புதியவருக்குச் சுமையாகும் என்று கருதியதால், ஒரே மிதியில் முடியும் எதிரி தேவைப்பட்டது.

அடுத்து வரும் செங்கல் வரிசையை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன். அதன் முதல் கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளியே வருகிறது. சற்று முன்புதான் காளான் போன்ற உருவத்தால் உயிரை இழந்திருக்கிறோம். ஆகவே இதைக் கண்டும் அஞ்சுவது இயல்பு. அது வலப்பக்கம் நகர்ந்து கீழே விழுந்து, அங்கே நிற்கும் பச்சைக் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. தப்புவதற்காகத் தாவினால் தலைக்கு மேலிருக்கும் செங்கற்களில் இடித்து, பெரும்பாலும் அதன் மேலேயே விழுகிறோம். உடனே மரியோ பெரியவனாகிறான். நன்மை தருவதைக் கண்டு ஓட முயன்றவருக்கும் அது கிடைக்கும்படி குழாயும் செங்கற்களும் சேர்ந்து அந்த இடத்தை அடைத்து வைத்திருக்கின்றன. மியாமோட்டோவே பிற்காலத்தில் இந்தப் பகுதியைத் திட்டமிட்ட விதத்தைப் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்.

பிறகு வரும் குழாய்கள் ஒன்றைவிட ஒன்று உயர்கின்றன. பட்டனை அழுத்தியிருக்கும் நேரத்தைப் பொறுத்துத் தாவலின் உயரம் மாறும் என்பதை நம் கட்டைவிரல் அங்கே கற்றுக்கொள்கிறது. இன்னும் சற்றுத் தூரம் சென்றதும், எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வருகின்றன. அவற்றின் நடுவே வெறும் தரைதான், தவறினால் மறுபடி ஏறிக்கொள்ளலாம். அதைத் தாண்டியதும் கிட்டத்தட்ட அதே போன்ற படிக்கட்டு இணை மீண்டும் வருகிறது. இம்முறை நடுவில் தரைக்குப் பதிலாகக் குழி. கர்நாடக இசையில் சரளி வரிசை கற்றவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது. ஸ்வரங்கள் அவையேதான், ஆனால் ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் கைவந்த ஒன்றைச் சற்று மாற்றி நம்மிடம் தருகிறது. ஆபத்தில்லாத இடத்தில் பழகிய அதே தாவலை ஆபத்துள்ள இடத்தில் செய்யச் சொல்கிறது அந்தக் குழி. அதில் விழுபவர் தான் விழுந்ததற்குக் காரணம் எது என்பதை உடனே அறிந்துகொள்கிறார், ஆகவே கோபத்தோடு கருவியை அணைப்பதில்லை, மறுபடி தாவுகிறார்.

நிறங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1981-ல் வந்த 'டாங்கி காங்'கில் மரியோ கரும்பின்னணியில் தாவிக்கொண்டிருந்தான். நான்கு ஆண்டுகளில் அவன் நீல வானத்தின் கீழ் வந்து நின்றான். அந்தக் கருவி ஒரே நேரத்தில் 25 நிறங்களை மட்டுமே திரையில் காட்டக்கூடியது என்பதால், ஒவ்வொரு நிறத்துக்கும் வேலை இருந்தது. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். வெள்ளையில் மேகம், பச்சையில் புதர். பச்சை ஆமை விளிம்புக்கு வந்தாலும் நிற்காமல் கீழே விழுந்துவிடும், சிவப்பு ஆமை விளிம்பைக் கண்டதும் திரும்பிவிடும். மேலே ஒரு திட்டில் ஆமையைப் பார்த்த கணத்திலேயே, அது என் தலைமேல் விழுமா அல்லது அங்கேயே உலாவுமா என்று நிறம் சொல்லிவிடுகிறது. 1990-இல் வந்த 'சூப்பர் மரியோ வேர்ல்டு' இதை இன்னும் விரித்தது. அதன் வரைபடத்தில் மஞ்சள் புள்ளியுள்ள லெவலிலிருந்து வெளியேற ஒரு வாசலும், சிவப்புப் புள்ளியுள்ள லெவலிலிருந்து வெளியேற இரண்டு வாசல்களும் உண்டு. சில லெவல்களில் பெட்டிகள் வெறும் புள்ளிக்கோடுகளாகத் தெரியும். வேறோர் இடத்திலுள்ள நிறப் பொத்தான் மாளிகையைக் கண்டுபிடித்து அங்குள்ள பொத்தானை மிதித்தால், அந்த நிறப் பெட்டிகள் எல்லா லெவல்களிலும் திடப்பொருளாகிவிடும். கண்ணைப் பறிக்கும் நிறங்கள் என்று நீங்கள் எழுதியவை, விளையாடுகிறவரின் கண்ணுக்குத் தகவல்களாகவும் இருக்கின்றன.

உங்கள் அண்ணன் ஏறிய கூரைக்கு வருகிறேன். நிலத்தடியில் நடக்கும் அந்த லெவலில் திரையின் மேற்பகுதி முழுவதும் செங்கற்கள். முதல் முறை விளையாடுபவருக்கு அது உலகின் எல்லை. ஆனால் இறுதியில் மேலேறிச் செல்லும் பலகைகளை வைத்திருக்கிறார்கள். அதில் நின்றால் கூரைக்கு மேலே போய்விடலாம். மதிப்பெண்கள் எழுதப்பட்டுள்ள பகுதிக்கு அருகே நடந்து, வெளியேறும் குழாயையும் கடந்தால் 4, 3, 2 என்று எண்ணிட்ட மூன்று குழாய்கள் நிற்கும் அறை வரும். வரம்பு என்று நம்பியது பாதையாக மாறும் அந்தக் கணம், வீடியோ கேம் வரலாற்றின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பது என் துணிவு. அண்ணன் அதைத் தானாகக் கண்டிருந்தால் அவருக்கு அந்த வியப்பு கிடைத்திருக்கும். உங்களுக்கு அது குறுக்குவழியாக மட்டுமே வந்து சேர்ந்தது. அதோடு, இரண்டாம், மூன்றாம் உலகங்கள் முழுவதையும் நீங்கள் பார்க்காமலே விட்டிருக்கிறீர்கள்.

பழைய விளையாட்டில் எல்லாமே சிறப்பு என்று சொல்ல மாட்டேன். நான்காம், ஏழாம் உலகங்களின் நான்காவது லெவல்களான 4-4, 7-4 ஆகிய கோட்டைகளில் தவறான தளத்தின் வழியே சென்றால் அதே தாழ்வாரம் திரும்பத் திரும்ப வரும். எந்தத் தளம் சரியானது என்பதற்கு அங்கே எந்தக் குறிப்பும் இல்லை. முதல் லெவலில் அவ்வளவு தெளிவாகப் பேசிய இடம் இங்கே வாய் திறப்பதில்லை. ஊகித்து ஊகித்துத் தோற்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

பிற்காலத்தில் லெவல் அமைக்கும் இந்த முறைக்குத் தெளிவான கோட்பாடே உருவானது. 2011-ல் வந்த 'சூப்பர் மரியோ 3டி லேண்ட்' விளையாட்டின் இயக்குநர் கோயிச்சி ஹயாஷிதா, நான்கு அடிகள் கொண்ட சீனக் கவிதையிலிருந்து வந்து ஜப்பானின் நான்கு கட்டச் சித்திரக் கதைகளிலும் பயிலும் அமைப்பைத் தாம் பின்பற்றுவதாகக் கூறியிருக்கிறார். முதலில் ஒரு பொருளை அறிமுகப்படுத்த வேண்டும், பிறகு அதை வளர்க்க வேண்டும், மூன்றாவதாக எதிர்பாராத திருப்பம் தர வேண்டும், இறுதியில் முடித்துவைக்க வேண்டும். மறைந்து தோன்றும் பலகை என்று வைத்துக்கொண்டால், முதலில் தரைக்கு மேல், பிறகு பள்ளத்துக்கு மேல், பிறகு அதன் மேல் எதிரி, கடைசியில் கற்றது அனைத்தையும் காட்டும்படி கொடிக்கம்பத்துக்கு ஒரு தாவல் என்று அது விரியும். அடுத்த லெவலில் அந்தப் பலகை இருக்க வேண்டும் என்றில்லை. வேறொரு பொருள், வேறொரு நான்கடி.

உங்கள் மகள் விளையாடும் 'வொண்டர்' 2023 அக்டோபரில் வந்தது. அதன் இயக்குநர் ஷிரோ மோரி. தயாரிப்பாளர், 1985-இல் மியாமோட்டோவுடன் பணியாற்றிய அதே தெசுகா. அந்த நான்கடியில் மூன்றாவது அடியான திருப்பத்தை இவர்கள் ஒரு பூவுக்குள் வைத்தார்கள். அதைத் தொட்டால் முதல் லெவலில் குழாய்கள் புழுக்களைப் போல நெளிந்து ஊர்கின்றன, அடுத்ததில் ஆளைக் கடிக்கும் செடிகள் பாட்டுப் பாடுகின்றன, வேறொன்றில் காளைகள் கூட்டமாகப் பாய்ந்து வழியிலிருப்பதையெல்லாம் உடைத்துச் செல்ல, அவற்றின் முதுகில் நாம் ஓடலாம். தொடக்கத்தில் இதற்குப் பதிலாக வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்லும் பொருள் ஒன்றையே யோசித்திருந்ததாகவும், இருக்கும் இடமே மாறினால் என்ன என்று தெசுகா கேட்டதிலிருந்துதான் இந்தப் பூ பிறந்ததாகவும் அந்தக் குழுவினர் விளக்கியிருக்கிறார்கள். கூரைமேல் ஏறி வேறோர் உலகத்துக்குத் தாவ வைத்தவர்களில் ஒருவரே, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே இடத்தில் நின்று பார் என்று கேட்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பழைய விளையாட்டில் இருந்த நேரக் கட்டுப்பாட்டையும் இதில் எடுத்துவிட்டார்கள். ஆகவே நின்று பார்க்கத் தடையும் இல்லை. இதில் எனக்குள்ள குறை, தலைமை எதிரியோடு மோதும் கட்டங்கள்தான். மரியோவின் பழைய எதிரியான பௌசரின் மகனோடு நடக்கும் சண்டைகள் ஒன்றுபோலவே இருந்து, லெவல்களில் கண்ட கற்பனை அங்கே வற்றிவிடுகிறது.

இப்போது "இன்னும் முடியலைம்மா" என்பதற்கு வருவோம். 'வொண்டர்' லெவல் ஒன்றில் கொடிக்கம்பத்தில் ஒரு விதையும், பூவின் மாயத்தை முடித்தால் இன்னொரு விதையும் கிடைக்கும். இவற்றைத் தவிர மூன்று பெரிய ஊதாக் காசுகள் உண்டு. கம்பத்தின் உச்சியைத் தொட்டோமா என்பதையும் விளையாட்டு குறித்துக்கொள்ளும். பூவைத் தொடாமலே கொடியை எட்டிவிட முடியும் என்பதைக் கவனியுங்கள். அப்படிச் செய்தவர் நான்கடிகளில் மூன்றாவதைப் படிக்காமலே கடந்தவர். பூவை எங்கே ஒளித்திருப்பார்கள் என்று உங்கள் மகள் தேடும்போது, இந்தச் சுவருக்கு மேல் ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், தனியாக ஒரு காசை ஏன் இங்கே வைத்தார்கள் என்றெல்லாம் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அமைத்தவரின் எண்ணத்தை அவர் வைத்த பொருள்களிலிருந்து ஊகிக்கும் வாசிப்பு அது.

யூடியூப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில், அவளே கேட்கும்வரை காட்ட வேண்டாம் என்பதுதான். ஓர் ஊதாக் காசு கிடைக்காமல் அவள் உண்மையிலேயே சலித்துப்போனால் அப்போது பாருங்கள், அதில் தவறே இல்லை. விளையாடி முடித்த பிறகு மற்றவர்கள் அதே இடத்தை எப்படிக் கடந்தார்கள் என்று பார்ப்பதும் நல்ல அனுபவம்தான். தேடலுக்கு முன்பே விடையைக் கையில் கொடுத்தால் மட்டும், உங்களுக்கு அந்தக் கூரை குறுக்குவழியானது போல அவளுக்கு லெவல் முழுவதுமே குறுக்குவழியாகிவிடும்.

நீங்களும் அவளோடு சேர்ந்து விளையாடலாம். ஒரே கருவியில் நான்கு பேர்வரை விளையாடும் வசதி இருக்கிறது. பழக்கம் விட்டுப்போயிருந்தால் யோஷியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகள் பட்டாலும் யோஷிக்குக் காயமில்லை, குழிகளில் மட்டும் கவனம் வேண்டும். பழைய மரியோவும் 'சூப்பர் மரியோ வேர்ல்டு'ம் நின்டெண்டோவின் இணையச் சந்தா வழியாக 'வொண்டர்' விளையாடும் அதே ஸ்விட்ச் கருவியில் கிடைக்கின்றன. 'வொண்டர்' முடிந்ததும் 1985-இன் முதல் லெவலிலிருந்து அவள் தொடங்கட்டும். இரண்டாவது லெவலின் கூரையைப் பற்றி மட்டும் அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்.