கும்பியா, கொலம்பியாவில் பிறந்த ஆட்ட இசை. அதன் மெக்சிகோ வடிவத்தை யாரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அக்கார்டியன்காரர் செல்சோ பின்யா. வேறு பெயரே எனக்குத் தோன்றவில்லை.

'பேபெல்' (2006) படத்தின் பாடல் தொகுப்பில்தான் அவரை முதலில் கேட்டேன். பாட்டு 'கும்பியா சோப்ரே எல் ரியோ', ஆற்றின் மேல் கும்பியா. அக்கார்டியன் மேலே இழுத்துக்கொண்டு போக, அடியில் ராப் பாட்டுக்குரிய கனத்த பேஸ். இரண்டுக்கும் நடுவே 'ச்சிக் ச்சிக்கிச் ச்சிக்' என்று எதையோ சுரண்டும் சத்தம். அதுதான் குவாச்சராக்கா. வரிவரியாகக் கீறிய குழாயைக் கம்பி முள்ளால் தேய்ப்பார்கள். கொலம்பியாவின் கரீபியக் கரையோர வாத்தியம் அது. வட மெக்சிகோவுக்கு எப்படி வந்தது என்று தேடப் போய்த்தான் இவர் கதை தெரிந்தது.

செல்சோவின் ஊரான மான்டெர்ரே, வட மெக்சிகோவின் ஒரு தொழிற்சாலை நகரம். சாந்தா கத்தரீனா ஆற்றுக்குத் தெற்கே மலைச்சரிவில், பிழைப்புத் தேடி வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்ட பேட்டைகள். ஊருக்கென்று நோர்த்தேன்யோ என்ற வட மெக்சிகோ நாட்டுப்புற இசை இருந்தது. அதிலும் அக்கார்டியன்தான் பிரதானம். ஆனால் மேட்டு ஜனங்களுக்குக் கொலம்பியா இசைத்தட்டுகள் மேல் பைத்தியம். 1953-இல் பிறந்த செல்சோவும் அப்படித்தான். மருத்துவமனை ஒன்றில் சாதாரண வேலை பார்த்தார். அப்பா வாங்கிக் கொடுத்த அக்கார்டியனில், கொலம்பிய அக்கார்டியன் கலைஞர்கள் அனிபல் வெலாஸ்கேஸ், அல்ஃப்ரெதோ குத்தியேரெஸ் ஆகியோரின் இசைத்தட்டுகளைப் போட்டுப்போட்டுக் கேட்டுத் தானாகவே பழகினார். தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு அமைத்த குழுவுக்கு 'ரோந்தா பொகோத்தா' என்று கொலம்பியத் தலைநகரின் பெயரையே வைத்தார். ரவுடிப் பசங்கள் கேட்கிற பாட்டு என்று நகரவாசிகள் ஒதுக்கிய இசை அது. அவர் விடவில்லை.

2001-இல் வந்த 'பார்ரியோ பிராவோ' ஆல்பம் எல்லாவற்றையும் மாற்றியது. பெயரைத் தமிழில் முரட்டுப் பேட்டை என்று சொல்லலாம். கன்ட்ரோல் மச்செத்தே ராப் குழுவின் டாய் செலக்டா அதில் முக்கியமான தயாரிப்பாளர். கஃபே தக்குபா ராக் குழுவின் ருபேன் அல்பர்ரான் வந்து பாடினார். ராப், ஜமைக்காவின் ரெகே, அதிலிருந்து கிளைத்த டப் எல்லாம் உள்ளே வந்தன. அப்போது செல்சோவுக்கு 48 வயது. இந்த ஆல்பத்தை வைத்து அவரைக் 'கலப்பிசைக்காரர்' என்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். கொலம்பியா கடற்கரைப் பாட்டை மான்டெர்ரே மேட்டுக்குக் கொண்டுவந்து இருபது வருஷம் வாசித்தாரே, பெரிய கலப்பு அதுதான். 2001-இல் அவர் யாரையும் தேடி இறங்கிப் போகவில்லை. ராப்காரர்களும் ராக் இசைக்காரர்களும்தான் மேடேறி வந்தார்கள். அக்கார்டியனைக் கவனியுங்கள், யாருக்காகவும் அது தன் நடையை மாற்றிக்கொள்ளவே இல்லை.

மான்டெர்ரேயில் செல்சோ வாசிக்க, நோபல் பரிசு பெற்ற கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுந்து ஆடியிருக்கிறார். கும்பியா பிறந்த அதே கரீபியக் கரையில் பிறந்த மனிதர், ஒரு மெக்சிகோக்காரர் வாசிப்புக்கு ஆடுகிறார்! இதைவிடப் பெரிய விருது வேறென்ன வேண்டும்?

2019 ஆகஸ்ட் 21 அன்று செல்சோ மாரடைப்பில் போய்விட்டார், 66 வயதில்.

முதலில் 'கும்பியா சோப்ரே எல் ரியோ'வையே கேளுங்கள். அடுத்து அல்பர்ரான் பாடிய 'அவுன்கே நோ சேயா கொன்மிகோ'. பிறகு ரோந்தா பொகோத்தாவின் பழைய பதிவுகளுக்குப் போங்கள். ராப்பும் இல்லை, கனத்த பேஸும் இல்லை; அக்கார்டியன், தாளம், அந்தச் சுரண்டல் சத்தம், அவ்வளவுதான். எனக்கு இப்போதெல்லாம் அவைதான் அதிகம் பிடிக்கின்றன.