வெப்பமண்டலத் தோட்டத்தில் என்னென்ன பாணிகள் உண்டு? சின்ன இடத்துக்கு எது சரிவரும்?

பலர் முதலில் கேட்பது காட்டுப் பாணி. மேலே பனை வகைகள், நடுவே வாழை, ஹெலிகோனியா, கீழே சேம்பு, பெரணி. தானாக முளைத்த மாதிரி தெரியும். ஆனால் அடிக்கடி கவாத்து செய்யாவிட்டால் கீழடுக்கு வெளிச்சமில்லாமல் வாடிவிடும். இந்தோனேசியாவின் பாலித் தீவுப் பாணியில் முற்றம், குட்டிக் குளம், பாசி படிந்த கல், ஓரமாக ஓர் ஈழத்தலரி.

பிரேசிலின் தோட்ட வடிவமைப்பாளர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் (1909–1994) வழி வேறு. ஒரே செடியைப் பெரிய திட்டாக நடுவார், பக்கத்தில் இன்னொரு நிறத்தில் வேறொரு திட்டு. மேலிருந்து பார்த்தால் ஓவியம்தான்! இதற்கு இடம் தாராளமாக வேண்டும். பத்துத் தொட்டியை வைத்துச் செய்தால் நர்சரி போலாகிவிடும். இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் தொடங்கிய லுணுகங்கா தோட்டத்தில் புல்வெளியும் மரநிழலும் ஏரிக் காட்சியும்தான் பிரதானம்.

சின்ன இடம் என்றால் பாலி பாணிக்கே என் ஓட்டு.