மேளம் ஏன் கிழிகிறது?

அன்புள்ள ஐயா,
தைப்பூசத்தன்று கோர் டி கார்ட் மலையடிக் கோவிலுக்குப் போன காவடிகளைக் கைப்பேசியில் படமெடுத்தேன். மேளச் சத்தம் கிழிந்து கேட்கிறது. மண்டபத்துக்குள் எடுத்ததில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?
மீனா, காத்ர் போர்ன், மொரீஷியஸ்

அன்புள்ள மீனா,

மைக் பிறகு. முதலில் பதிவு அளவைப் பாருங்கள். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் கூரை. அதில் முட்டிய அலையின் முகடு வெட்டுப்பட்டுவிடும். எடிட்டிங்கில் சத்தத்தைக் குறைத்தாலும் போனது போனதுதான். கைப்பேசியின் தானியங்கி அளவு இன்னொரு கெடுதலும் செய்யும். அடி விழுந்ததும் சத்தத்தை அமுக்கும், அடுத்த அடிக்குள் தூக்கிவிடும். அந்த இடைவெளியில் காற்றும் கூட்டத்தின் பேச்சும் பொங்கும். அளவைக் கையால் வைக்கக்கூடிய செயலியில், மேளம் உச்சத்தில் முழங்கும்போது கூரைக்குக் கீழே −12 டெசிபலை ஒட்டி நிறுத்துங்கள். அப்படியும் கிழிந்தால் மைக்கே திணறுகிறது. சில மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

இதைவிட முக்கியம், மேளத்தை ஐந்து நிமிடமாவது நிறுத்தாமல் பதிவுசெய்வது. ஷாட்டுக்கு ஷாட் அதனதன் சத்தத்தை வைத்தால் வெட்டுக்கு வெட்டு தாளம் இடறும். ஒரே நீளச் சத்தத்தை அடியில் விரித்து, காவடிகளையும் பால்குடங்களையும் அதன்மேல் அடுக்குங்கள். மேளக்காரரைக் காட்டும் ஷாட்டை மட்டும் கவனமாகப் பொருத்த வேண்டும். 14 மீட்டர் தள்ளியிருந்து எடுத்தால், குச்சி தோலில் பட்டு ஒரு ஃபிரேம் கழித்தே சத்தம் வந்துசேரும் (நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கு). 40 மீட்டரில் மூன்று ஃபிரேம், கண் கண்டுபிடித்துவிடும். சத்தத்தை அந்த அளவு முன்னால் நகர்த்துங்கள்.

பட்டைகளுக்குக் காரணம் விளக்கு. மொரீஷியஸ் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். கைப்பேசி 1/60 நொடி ஷட்டரில் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி வாங்கும் நேரம்) இருந்தால் துடிப்பு பாதியில் அறுபடும். மண்டபத்துக்குள் 1/50 அல்லது 1/100 வையுங்கள். வெயிலுக்கு வந்ததும் மாற்றிவிடலாம். அங்கே தொல்லை வேறு: தைப்பூச நேரத்து நண்பகல் வெயில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே. காவடி வளைவின் நிழல் முகத்தில் விழும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், பக்தரின் முகம் தெரிய வேண்டும்.

சாலையின் ஒரே பக்கம் நின்று எடுங்கள். எதிர்ப்பக்கம் போய் எடுத்ததைச் சேர்த்தால் ஊர்வலம் திரும்பி வருவதுபோலத் தெரியும்.

மைக்குக்கு வைத்த பணத்தில் முதலில் ரோம உறை போட்ட சிறு ரெக்கார்டர் வாங்குங்கள். வெறும் ஸ்பாஞ்சு உறை அந்த மலைக்காற்றுக்குத் தாங்காது.